சிறு விளையாட்டுகள் வழியே அடிப்படை ஜெர்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் மொழியை முற்றிலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் விளையாட்டுகளைக் கொண்டு முதல் சில நூறு சொற்களையும் அன்றாடத் தொடர்களையும் எப்படிப் பழகுவது என்பதே இவற்றின் பொருள். ஜெர்மன் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. அந்த முறையின் குறைகளைப் பற்றித் தனியே ஒரு கேள்வி கீழே உள்ளது. உரக்கப் படிக்கத் தொடங்குமுன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விளையாடினால் மட்டும் ஒரு மொழி வந்துவிடுமா?

முழு மொழியும் வராது. ஆனால் முதல் ஐந்நூறு, அறுநூறு சொற்களும், கடையிலும் ரயில் நிலையத்திலும் வாய்திறந்து கேட்கத் தேவையான தொடர்களும் நிச்சயமாக வரும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: விடையைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லை நினைவிலிருந்து தேடி எடுத்து வாயால் சொல்ல வைக்கும் விளையாட்டாக அது இருக்க வேண்டும்.

நான் ஜெர்மன் கற்கத் தொடங்கிய நாட்களில், படத்தைக் காட்டி நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் ஒரு செயலியைத் தினமும் பயன்படுத்தினேன். சமையலறைச் சொற்கள் அனைத்திலும் முழு மதிப்பெண் பெற்றுவிட்டேன். பிறகு ஒருநாள் மேசைமேல் இருந்த கரண்டியைக் காட்டி, இதற்கு ஜெர்மனில் என்ன பெயர் என்று ஒருவர் கேட்டபோது அந்தச் சொல் நாவுக்கு வரவே இல்லை. நான்கு சொற்களுக்கு நடுவே அதைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தொட்டிருப்பேன். கண்டால் தெரியும் சொல்லுக்கும் கேட்டால் வரும் சொல்லுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. இங்கே நான் பரிந்துரைக்கும் ஒவ்வொரு விளையாட்டையும் அந்தத் தூரத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தே தேர்ந்திருக்கிறேன்.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பத்து நிமிடம் வீதம் இரண்டு முறை போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் தொடாமல் இருப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

இதற்கான காரணத்தை முதலில் அளந்து காட்டியவரே ஒரு ஜெர்மானியர்தான். ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்னும் உளவியலாளர், பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில், எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறதி முதலில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது என்பதும் அவர் கண்டவை.

இதை விளையாட்டாக மாற்றியவர் செபாஸ்டியன் லைட்னர். 1972இல் அவர் விளக்கிய அட்டைப் பெட்டி முறை இன்றைய பல செயலிகளுக்கு முன்னோடி. ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். புதிய அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால், நான்காம் அறையில் இருந்தாலும், மீண்டும் முதல் அறைக்கே வரும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாம் அறையை இரண்டு நாளுக்கொருமுறை, மூன்றாம் அறையை வாரம் ஒருமுறை, அதற்கு மேலுள்ளவற்றை இன்னும் நீண்ட இடைவெளியில் எடுத்தால் போதும். நன்றாகத் தெரிந்த சொற்களில் நேரம் வீணாகாது; தகராறு செய்யும் சொற்கள் மட்டும் தினமும் கண்முன் வந்து நிற்கும்.

புதிய சொற்களை ஒரு நாளில் எட்டு முதல் பத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இருபது சேர்ப்பது முதல் நாளில் எளிதுதான். நான்காம் நாளில் முதல் அறை நிரம்பி வழியும்போது விளையாட்டு சுமையாகிவிடும்.

எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது?

விலங்குகள், பழங்கள், நிறங்கள் என்றுதான் பெரும்பாலான விளையாட்டுகள் தொடங்குகின்றன. அவற்றைப் படமாக வரைவது எளிது என்பதே அதற்குக் காரணம். ஒட்டகச்சிவிங்கிக்கு ஜெர்மன் சொல் தெரிந்து, ‘எப்போது’ என்பதற்குத் தெரியாமல் இருப்பது தொடக்கநிலையில் இருப்பவருக்கு உதவாது. கேள்விச் சொற்களை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்: வேர் என்றால் யார், வாஸ் என்றால் என்ன, வோ என்றால் எங்கே, வன் என்றால் எப்போது, வீ என்றால் எப்படி, வரூம் என்றால் ஏன், வீஃபீல் என்றால் எவ்வளவு. அடுத்தபடியாக இருத்தல், உடைமை, போதல், வருதல், வேண்டுதல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளைச் சேருங்கள்: ஸைன், ஹாபென், கேயென், கொமென், மொஹ்டென். எண்கள், கிழமைகள், வீட்டிலும் தெருவிலும் கண்ணில் படும் பொருள்கள் எல்லாம் அதன் பிறகு வரலாம்.

எல்லை எங்கே என்று தெரிந்தால் மனம் தளராது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஆறு படிகள் உள்ளன. அதன் முதல் படி ஏ1. ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் கோதே நிறுவனம் அந்தப் படிக்கான தேர்வுக்காகத் தரும் சொற்பட்டியலில் ஏறத்தாழ 650 சொற்கள் இருக்கின்றன. நாளுக்கு எட்டுச் சொல் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்குள் அந்தப் பட்டியலை ஒருமுறை கடந்துவிடலாம்.

டேர், டீ, டாஸ் மூன்றையும் எப்படி நினைவில் வைப்பது?

இவை ஜெர்மன் பெயர்ச்சொல்லின் முன்னே வந்து அதன் பாலைக் காட்டும் சொற்கள், அதாவது ஆர்ட்டிகிள்கள்: டேர் ஆண்பால், டீ பெண்பால், டாஸ் இரண்டும் அல்லாத அலிப்பால். புதியவர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்பது இதுவே. மிகுதியாக மனம் தளர்வதும் இங்கேதான். தமிழில் பால் என்பது பொருளைப் பற்றியது. மனிதர்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று நமக்குச் சிந்திக்காமலே தெரியும். ஜெர்மனில் பால் என்பது சொல்லின் உடைமை. பொருளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. சூரியன் பெண்பால், டீ ஸொன்னெ. நிலவு ஆண்பால், டேர் மோன்ட். சிறுமியைக் குறிக்கும் மேட்ஹென் அலிப்பால், டாஸ் மேட்ஹென். சாப்பாட்டு மேசைக்கு வந்தால் கரண்டி டேர் லொஃபெல், முள்கரண்டி டீ காபெல், கத்தி டாஸ் மெஸ்ஸர். ஒரே தட்டின் பக்கத்தில் கிடக்கும் மூன்று பொருள்களுக்கு மூன்று பால்.

எனவே ஆர்ட்டிகிளைத் தனியே ஒரு தகவலாகக் கற்காமல், சொல்லின் முதல் அசைபோலவே கற்க வேண்டும். அட்டையில் ‘லொஃபெல்’ என்று எழுதவே எழுதாதீர்கள். ‘டேர் லொஃபெல்’ என்று எழுதுங்கள். விளையாட்டில் ஆர்ட்டிகிள் இல்லாமல் சொன்ன விடை தவறு என்று முதல் நாளிலேயே விதி வைத்துவிடுங்கள். கடுமையாகத் தோன்றினாலும், பின்னாளில் ஐந்நூறு சொற்களுக்குத் திரும்பிப் போய் ஆர்ட்டிகிள் தேடும் வேலையை அது மிச்சப்படுத்தும்.

பலருக்கும் கைகொடுத்த ஒரு விளையாட்டு இது. அறையின் மூன்று மூலைகளுக்கு டேர், டீ, டாஸ் என்று பெயரிடுங்கள். ஒருவர் சொல்லை மட்டும் சொல்ல, மற்றவர்கள் உரிய மூலைக்குப் போய் நின்று, ஆர்ட்டிகிளோடு சேர்த்து உரக்கச் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர் மேசையில் மூன்று இடம் குறித்து அட்டைகளைப் பிரித்துவைக்கலாம். டேருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று வண்ணம் கொடுப்பது ஜெர்மன் வகுப்புகளில் பரவலான வழக்கம். எந்த வண்ணம் என்பது முக்கியமில்லை, நடுவில் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

சில சொற்கள் தம் பாலை வாலிலேயே காட்டிவிடும். ‘உங்’ என்று முடியும் பெயர்கள், அதாவது செய்தித்தாளைக் குறிக்கும் ட்ஸைடுங், குடியிருப்பைக் குறிக்கும் வோனுங், விலைச்சீட்டைக் குறிக்கும் ரெஹ்னுங் போன்றவை, டீ. ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷஃப்ட்’ என்று முடிபவையும் அப்படியே. சிறுமைப் பொருள் தரும் ‘ஹென்’ ஒட்டு வந்தால் டாஸ். சிறுமி ஏன் அலிப்பால் என்பதற்கு இதுவே விடை. கிழமைகள், மாதங்கள், பருவங்கள் எல்லாம் டேர். ‘எ’ என்று முடிபவை பெரும்பாலும் டீ என்றாலும், டேர் கேஸெ (பாலாடைக்கட்டி), டேர் நாமெ (பெயர்) போன்ற விலக்குகள் உண்டு. இந்த வால்களை மட்டும் அட்டையில் எழுதி, எந்த மூலை என்று சொல்லும் ஐந்து நிமிட ஆட்டம் இருபது தனிச்சொற்களைக் கற்பதற்குச் சமம்.

பன்மையையும் அதே அட்டையில் எழுத வேண்டுமா?

எழுதுங்கள். தமிழில் ‘கள்’ சேர்த்தால் வேலை முடிந்தது. ஜெர்மனில் டிஷ் என்னும் மேசை டிஷெ ஆகும், லம்ப்பெ லம்ப்பென் ஆகும், ஔட்டோ ஔட்டோஸ் ஆகும், லேரர் என்னும் ஆசிரியர் பன்மையிலும் லேரரே. அம்மாவைக் குறிக்கும் முட்டர் பன்மையாகும்போது உயிர் ஒலி மட்டும் மாறும். ஒரு நல்ல செய்தி: பன்மையில் எல்லாவற்றுக்கும் ஆர்ட்டிகிள் டீ மட்டுமே.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாமா?

முதல் வாரம் கைத்தடியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். தமிழ் எழுத்து ட என்ற ஒன்றிலேயே இரண்டு ஒலிகளை அடக்குகிறது. க, ப ஆகியவையும் அப்படியே. ஜெர்மனில் அந்த இரண்டும் வெவ்வேறு சொற்களைத் தரும். ‘நன்றி கூறுதல்’ என்னும் வினையையும் ‘வண்டிக்கு எரிபொருள் நிரப்புதல்’ என்னும் வினையையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘டங்க்கென்’ என்றுதான் வரும். முதலாவதைக் குரல் அதிர ஒலிக்க வேண்டும், இரண்டாவதை அதிர்வில்லாமல். தோட்டமும் அட்டைகளும் இப்படியே. இரண்டையும் நாம் ‘கார்டென்’ என்றே எழுதுவோம்.

இதற்குச் செவி விளையாட்டு ஒன்று போதும். இத்தகைய இணைச் சொற்களை ஒலிப்பதிவிலிருந்து கேட்டு, முதலாவதா இரண்டாவதா என்று விரலால் காட்டுங்கள். தொண்டையில் விரல் வைத்து நீங்களே சொல்லிப் பாருங்கள். அதிர்வு கைக்குத் தெரியும். சொல்லின் இறுதியில் மட்டும் இந்த வேறுபாடு மறைந்துவிடும்: நாள் என்னும் சொல்லின் கடைசி எழுத்து எதுவாக இருந்தாலும் காதில் ‘டாக்’ என்றுதான் விழும்.

உதட்டைக் குவிக்கும் உயிர்கள் இரண்டும் நமக்குப் புதியவை. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் குவித்தால் ஒன்று வரும். ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டு உதட்டை ‘ஓ’ போலக் குவித்தால் மற்றொன்று வரும். கரண்டிக்கான லொஃபெலின் முதல் உயிர் இந்த இரண்டாவது ஒலியின் குறில்தான். ‘ஏற்கெனவே’ என்னும் பொருளுள்ள ஷோன், இந்த உயிர் மாறினால் ‘அழகான’ என்று பொருள் தரும். ‘நான்’ என்பதற்கான இஹ் என்னும் சொல்லின் கடைசி ஒலியும் தமிழில் இல்லை. ‘இ’ சொல்லும் நிலையிலேயே நாக்கை வைத்துக் காற்றை மட்டும் வெளியே விட்டால் வந்துவிடும். நாப்பழக்கத்துக்குக் குழந்தைகள் சொல்லும் ‘ஃபிஷர்ஸ் ஃப்ரிட்ஸ் ஃபிஷ்ட் ஃப்ரிஷெ ஃபிஷெ’ என்னும் நாநெகிழ் தொடர் நல்ல விளையாட்டு. மெதுவாக மூன்று முறை, பிறகு வேகமாக ஒரு முறை.

ஜெர்மன் குழந்தைகள் ஆடும் ஆட்டங்களில் நமக்கு உதவுபவை எவை?

பல உண்டு, அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பெட்டி கட்டும் ஆட்டம். முதல் ஆட்டக்காரர் ‘நான் என் பெட்டியைக் கட்டுகிறேன், ஒரு தொப்பியை உடன் எடுத்துக்கொள்கிறேன்’ என்பார். ஜெர்மனில் அது இப்படி வரும்:

இஹ் பக்கெ மைனென் கொஃபர் உன்ட் நேமெ ஐனென் ஹூட் மிட்.

அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்லித் தம் பங்குக்கு ஒரு விளக்கைச் சேர்ப்பார்: நேமெ ஐனென் ஹூட் உன்ட் ஐனெ லம்ப்பெ மிட். மூன்றாமவர் ஒரு புத்தகத்தைச் சேர்க்கும்போது தொடர் ஐனென் ஹூட், ஐனெ லம்ப்பெ உன்ட் ஐன் பூஹ் என்று நீளும். வரிசையில் ஒன்றை மறந்தவர் வெளியேறுவார்.

இங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தொப்பி ஆண்பால்; அது செயப்படுபொருளாக வந்ததும், ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஐன்’ என்னும் ஆர்ட்டிகிள் ‘ஐனென்’ ஆகிவிட்டது. பெண்பாலுக்கும் அலிப்பாலுக்கும் மாற்றம் இல்லை. நம் இலக்கணத்தில் ‘ஐ’ உருபு செய்யும் வேலையை அங்கே ஆர்ட்டிகிள் செய்கிறது, அதுவும் ஆண்பாலில் மட்டும். இலக்கண நூலில் ஒரு பக்க அட்டவணையாக வருவதை ஆறு பேர் பத்து நிமிடம் ஆடினால் ஒவ்வொருவரும் பலமுறை சொல்லியிருப்பார்கள். அதோடு ‘மிட்’ என்னும் துண்டு வினையிலிருந்து பிரிந்து தொடரின் கடைசியில் போய் நிற்பதும் பழகிவிடும். ‘ஔஃப்ஷ்டேயென்’ என்னும் எழுந்திருத்தல் போன்ற பிரியும் வினைகள் பின்னால் வரும்போது திகைப்பு இருக்காது.

‘நீ காணாத ஒன்றை நான் காண்கிறேன், அது சிவப்பு’ என்று தொடங்கும் ஆட்டமும் நல்லது: இஹ் ஸேயெ வாஸ், வாஸ் டூ நிஹ்ட் ஸீஸ்ட், உன்ட் டாஸ் இஸ்ட் ரோட். ஊகிப்பவர் ஒவ்வொரு முறையும் ‘இஸ்ட் எஸ் டேர் ஷ்டூல்?’ (அது நாற்காலியா?) என்பதுபோல் ஆர்ட்டிகிளோடு கேட்பார். நிறங்களும் அறையிலுள்ள பொருள்களும் ஒரே ஆட்டத்தில் பழகும்.

‘ஷ்டட், லன்ட், ஃப்லுஸ்’, அதாவது ஊர், நாடு, ஆறு, எழுத்துப் பழக்கத்துக்கு உகந்தது. ஒருவர் மனத்துக்குள் அகரவரிசை சொல்ல, மற்றவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் எந்த எழுத்து வந்ததோ அதில் தொடங்கும் பெயர்களைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். ‘எம்’ வந்தால் ம்யூன்ஹென், மெக்ஸிகோ, மைன். தொடக்கநிலையினர் ஆறு, நாடு ஆகியவற்றுக்குப் பதிலாக உடை, தொழில், உணவு என்று கட்டங்களை மாற்றிக்கொள்ளலாம். ‘டேகெஸ்ஸெல்ஹென்’ சற்றுப் பின்னால் ஆட வேண்டியது. ஒரே ஒலியில் இரு பொருள் உள்ள சொல்லை இருவர் மாறிமாறி விவரிக்க, மற்றவர்கள் கண்டுபிடிப்பார்கள். பங்க் என்றால் இருக்கைப் பலகை, வங்கி. ஷ்லொஸ் என்றால் அரண்மனை, பூட்டு. பிர்னெ என்றால் பேரிக்காய், மின்விளக்குக் குமிழ்.

எண்கள் தலைகீழாக வருவது ஏன் இவ்வளவு குழப்புகிறது? அதற்கு ஏதேனும் விளையாட்டு உண்டா?

தமிழில் இருபத்தொன்று என்று பெரியதை முன்னே சொல்கிறோம். ஜெர்மனில் 21 என்பது ஐன்-உன்ட்-ட்ஸ்வன்ட்ஸிஹ், அதாவது ‘ஒன்றும் இருபதும்’. 13 முதல் 99 வரை ஒன்றாம் இடமே முதலில் வரும். எனவே 45ஐக் கேட்டு 54 என்று எழுதிவிடுவது தொடக்கத்தில் எல்லாருக்கும் நேர்வது. வீட்டு எண், தொலைபேசி எண், ரயில் நடைமேடை என்று வரும்போது இந்தப் பிழை நேரத்தையும் பணத்தையும் தின்னும்.

பகடைகள் இரண்டை உருட்டுங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. சிவப்பு பத்தாம் இடம், வெள்ளை ஒன்றாம் இடம். கண் சிவப்பைப் பார்த்தாலும் வாய் வெள்ளையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நூறு முறை உருட்ட அரைமணி நேரம்கூட ஆகாது. கேட்கும் பழக்கத்துக்குப் பிங்கோ சிறந்தது. ஒருவர் ஜெர்மனில் எண்களைப் படிக்க, மற்றவர்கள் கட்டத்தில் குறிப்பார்கள். தொலைபேசியில் ட்ஸ்வை (இரண்டு) என்பதை ட்ரை (மூன்று) என்று தவறாகக் கேட்டுவிடாமல் இருக்க, ஜெர்மானியர்கள் இரண்டை ‘ட்ஸ்வோ’ என்றும் சொல்வார்கள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்திலும் ஒரு பொறி உள்ளது. ‘ஹல்ப் அஹ்ட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அரை எட்டு’. நாம் எட்டரை என்று எடுத்துக்கொள்வோம். உண்மையில் அது ஏழரை. கடந்த மணியோடு அரையைக் கூட்டுவது தமிழ். வரப்போகும் மணியை நோக்கிப் பாதி வந்துவிட்டோம் என்பது ஜெர்மன். முள்ளைத் திருப்பக்கூடிய பழைய கடிகாரம் ஒன்று இருந்தால், ஒருவர் சொல்ல மற்றவர் முள்ளை வைக்கும் ஆட்டத்தை ஒரு வாரம் ஆடுங்கள். விலைகளுக்கும் அப்படியே சீட்டு எழுதலாம். அங்கே தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வரும்: 2,80 என்பது ட்ஸ்வை ஒய்ரோ அஹ்ட்ட்ஸிஹ்.

தொடர்களைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கற்பதா, முழுதாகவா?

முதலில் முழுதாக. ‘இஹ் ஹெட்டெ கெர்ன்’ என்பது ‘எனக்கு வேண்டும்’ என்று பணிவாகக் கேட்பதற்கான தொடர். அதன் வினை வடிவத்தை விளக்கப் போனால் தொடக்கநிலையைத் தாண்ட வேண்டும்; ரொட்டிக் கடையில் நின்று பயன்படுத்த அந்த விளக்கம் தேவையில்லை. இத்தகைய தொடர்களுக்குச் சூழல் அட்டை ஆட்டம் ஏற்றது. அட்டையில் தமிழ் வாக்கியத்தை எழுதாமல் சூழலை எழுதுங்கள்: ‘உணவகத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள்’. விடை: ட்ஸாலென், பிட்டெ. எதிரில் இருப்பவர் உடனே ‘ட்ஸுஸம்மென் ஓடர் கெட்ரென்ட்?’ என்று கேட்க வேண்டும். சேர்த்தா, தனித்தனியா என்று அங்கே பரிமாறுபவர்கள் கேட்பது வழக்கம்.

‘பிட்டெ’ ஒன்றுக்கே நான்கு அட்டை தேவைப்படும். தயவுசெய்து என்று கேட்கும்போதும், நன்றிக்கு மறுமொழியாகவும், ஒன்றை நீட்டி ‘இந்தாருங்கள்’ எனும்போதும், காதில் விழாததை மீண்டும் சொல்லச் சொல்லும்போதும் அதே சொல். ‘டொஹ்’ என்பதற்கும் தனி அட்டை எழுதுங்கள். ‘நீங்கள் வரவில்லையா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை, வருகிறேன்’ என்பதற்கு அங்கே யா (ஆம்) என்றோ நைன் (இல்லை) என்றோ சொல்ல மாட்டார்கள், டொஹ் என்பார்கள்.

மரியாதை வேறுபாடு நமக்குச் சிரமமே தராது. டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். புதியவர், அலுவலர், கடைக்காரர் ஆகியோருக்கு ஸீ. நண்பர், குடும்பத்தார், குழந்தைகளுக்கு டூ. ஒரே எச்சரிக்கை, வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் தரும் ‘நீங்கள்’ அங்கே கிடையாது, தாத்தாவுக்கும் டூதான். வணக்கம் சொல்வதற்குக் கூட்டென் டாக் எங்கும் செல்லும். வடக்கே மொயின், பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ஸெர்வுஸ், சுவிட்சர்லாந்தில் க்ரூயெட்ஸி என்று காதில் விழுந்தால் எல்லாம் ஒன்றே என்று புரிந்துகொள்ளுங்கள்.

தமிழ் தெரிந்திருப்பது வேறு எதிலாவது உதவுமா?

உதவும், அதுவும் பலர் எதிர்பாராத இடத்தில். ‘எனக்குக் குளிர்கிறது’ என்கிறோம். ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்பதில்லை. ஜெர்மனிலும் ‘மீர் இஸ்ட் கல்ட்’ என்பார்கள். மீர் என்றால் ‘எனக்கு’. ‘அது எனக்குப் பிடிக்கிறது’ என்பது டாஸ் கெஃபெல்ட் மீர். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது மீர் டூட் டேர் கொப்ஃப் வே. ஆங்கிலத்தின் வழியே யோசிப்பவர்கள் இங்கே ‘இஹ்’ போட்டுத் தடுமாறுகிறார்கள்; இஹ் பின் கல்ட் என்றால் ‘நான் இரக்கமற்றவன்’ என்ற தொனி வந்துவிடும். நான்காம் வேற்றுமையோடு பிறந்து வளர்ந்த நமக்கு இது தாய்வீட்டு வழக்கம்.

ஆனால் ‘கு’ வரும் இடமெல்லாம் மீர் வராது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது இஹ் ஹாபெ ஹுங்கர், ‘எனக்குப் பசி உண்டு’ என்பதுபோல் அல்லாமல் ‘நான் பசி கொண்டிருக்கிறேன்’ என்ற அமைப்பு. ஆகவே ஒரு பிரிக்கும் ஆட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ‘எனக்கு’ என்று தொடங்கும் இருபது தமிழ் வாக்கியங்களை அட்டையில் எழுதி, மீர் குவியல், இஹ் குவியல் என்று இரண்டாகப் பிரியுங்கள். தமிழர்களுக்கென்றே ஒரு ஜெர்மன் விளையாட்டு வேண்டும் என்றால் நான் இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

ஆங்கிலம் தெரிந்தால் போதாதா?

ஹன்ட், ஃபிங்கர், வாஸ்ஸர், ஹௌஸ் போன்றவை ஆங்கிலத்தின் துணையால் உடனே புரியும். ஆனால் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு, ‘பெகொமென்’ என்றால் பெறுதல், ‘ஹென்டி’ என்றால் கைப்பேசி, ‘ரொக்’ என்றால் பாவாடை. வேர் என்ற ஒலி எங்கே என்று நினைக்கவைத்து யார் என்று பொருள்படும். இந்த ஏமாற்றும் சொற்களை ஒரு தனி உறையில் சேர்த்து வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நீண்ட சொற்களைக் கண்டால் அச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

அவற்றைப் பிரித்து விளையாடுங்கள். கையும் காலணியும் சேர்ந்தால் ஹன்ட்ஷூ, கையுறை. நோயாளிகளும் வீடும் சேர்ந்தால் க்ரங்க்கென்ஹௌஸ், மருத்துவமனை. கேடயமும் தேரையும் சேர்ந்தால் ஷில்ட்க்ரொட்டெ, ஆமை. நாமும் தொலைக்காட்சி, மின்விசிறி என்று சேர்த்துச் சொல்பவர்களே. துண்டுகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, எதனோடு எது சேர்ந்தால் என்ன வரும் என்று ஊகிக்கும் ஆட்டம் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒருசேர மகிழ்விக்கும். சேர்ந்த சொல்லின் பால் கடைசித் துண்டின் பாலே. ஹௌஸ் டாஸ் என்பதால் க்ரங்க்கென்ஹௌஸும் டாஸ்.

கூட விளையாட ஆள் இல்லையென்றால்?

அட்டைப் பெட்டி, பகடை, பிரிக்கும் ஆட்டம் மூன்றும் தனியாளுக்குப் பொருந்தும். கேட்பதற்கு டாய்ச்செ வெல்லெ ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் தொடக்கநிலைப் பாடங்கள் உள்ளன; சொல் விளையாட்டுச் செயலிகளைக் கோதே நிறுவனமும் வெளியிட்டிருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் திரையில் விடை வருமுன் கையால் மறைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள். உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிந்து, மூலப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

செயலியில் நூறு நாள் தொடர்ந்துவிட்டேன், ஆனாலும் பேச வரவில்லை. ஏன்?

நாட்கணக்கும் புள்ளிகளும் நீங்கள் செயலியைத் திறந்ததை எண்ணுகின்றன. எத்தனை முறை ஒரு சொல்லை உதவியின்றி நினைவிலிருந்து எடுத்தீர்கள் என்பதைத் தனியே எண்ணிப் பாருங்கள். பல செயலிகளில், விடைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யும் முறைக்கு மாறலாம். அதை இன்றே மாற்றுங்கள். வேகம் பாதியாகக் குறையும், தவறுகள் கூடும். வருந்த வேண்டாம், கற்றல் அங்கேதான் நடக்கிறது.

விளையாட்டை எப்போது நிறுத்திவிட்டுப் பாடநூலுக்குப் போவது?

முந்நூறு சொற்கள் வாயில் வந்தபின் பாடநூலைத் தொடங்குங்கள், விளையாட்டை நிறுத்தாமல். கோதே நிறுவனத்தின் ஏ1 தேர்விலேயே பேச்சுப் பகுதி ஒரு சீட்டாட்டம்போல்தான் அமைந்திருக்கிறது. முதலில் பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்னும் குறிப்புகளைக் கொண்டு உங்களை அறிமுகம் செய்து, ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி, ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அடுத்து, ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் உள்ள அட்டையை எடுத்து, உடன் தேர்வு எழுதுபவரிடம் அதைக் கொண்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவதாக, ஒரு படம் உள்ள அட்டையை எடுத்து ஒரு வேண்டுகோளாக மாற்ற வேண்டும். நீர்க்குவளைப் படம் வந்தால் ‘எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தர முடியுமா?’ என்பதுபோல. நூற்றுக்கு 60 புள்ளி எடுத்தால் தேர்ச்சி.

ஆகவே உங்கள் பெட்டியில் மூன்றாம் அறையைத் தாண்டிய அட்டைகளை வாரத்தில் ஒருநாள் வெளியே எடுங்கள். கண்ணை மூடி ஒன்றை உருவுங்கள். டேர் லொஃபெல் வந்தால், ‘ஹாபென் ஸீ ஐனென் லொஃபெல்?’ என்று எதிரில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் ‘யா, பிட்டெ’ என்று கரண்டியை நீட்டட்டும்.